துண்டு தொங்கிய ஆறு நாட்கள்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை எதற்காக மூடினார்கள் என்பது எனக்கு டில்லிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நானாக ஆசைப்படவில்லை. என் தங்கை கேட்டாள்.

அவள் சிவகங்கைப் பக்கம், எங்கள் ஊரில், அப்பா அம்மாவோடு இருக்கிறாள். டவுன் கல்லூரியில் முதல் வருடம். காலை ஏழு மணி வண்டியைப் பிடிக்க விடியும் முன்பே கிளம்பி, வறண்ட கண்மாய்க்குள் இறங்கி ஏறி, ஒரு மணி நேரம் மேற்கே நடந்து பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறாள். அங்கே அவள் ஏறிய வண்டி கிழக்கே வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே மூடிக் கிடக்கும் ஸ்டேஷனை நிற்காமல் தாண்டி டவுனுக்குப் போகிறது. அம்மா வாசலில் நின்று கையாட்டுவாள். இவள் ஜன்னலில் இருந்து ஆட்டுவாள்.

"அண்ணே, வீட்ல இருந்து கெளம்பி ஒன்றரை மணி நேரம் ஆச்சு, பாத்தா வீட்டுக்கு எதுக்கதான் இருக்கேன்" என்று ஒருநாள் வண்டிக்குள்ளிருந்தே போன் செய்து சிரித்தாள்.

ஐப்பசியில் மழை விழுந்து கண்மாய் நிறைந்துவிட்டால் அந்த வழி கிடையாது. கரையைச் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம், அதுவும் சீமைக்கருவேலங் காட்டுக்குள். "தண்ணி வந்துட்டா நின்னுக்கிறட்டும். படிச்ச வரைக்கும் போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"நீ டில்லிலதான இருக்க? ரயிலு அங்கருந்துதான வருது? ஏன் மூடுனாக, எப்பத் தெறப்பாகன்னு கேட்டுச் சொல்லு" என்றாள் தங்கை.

நான் வேலை பார்ப்பது ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், எழுத்தராக. ரயிலுக்கும் என் இலாகாவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அரசாங்கம் என்பது என் மேசையில் இருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறது என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டேன். சில வாரங்கள் கழித்து, மயூர் விஹாரில் நான் தங்கியிருக்கும் அறைக்குப் பதில் வந்தது. ஒற்றைப் பக்கம். அகல ரயில் பாதை போடுவதற்கு முன்னால், எந்தெந்தச் சிறு நிலையங்களை வைத்துக்கொள்வது என்று பார்க்க ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். எங்கள் நிலையத்தில் அவர்கள் ஆறு நாட்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். ஏறியவர்கள்: இல்லை. இறங்கியவர்கள்: இல்லை. ஆகவே கைவிடப்பட்டது.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. யாருமே ஏறாத ஸ்டேஷனா? அந்த வண்டியில் ஏறித்தானே நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன்! பிறகு தேதியைப் பார்த்தேன். அப்போது நான் எட்டாம் வகுப்பு. எந்த ஆறு நாட்கள் என்று புரிந்தது.

அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. தண்டவாள மட்டத்திலேயே ஒரு மண் மேடை, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சின்ன ஜன்னல் வைத்த ஓர் அறை, ஒரு பெயர்ப் பலகை, ஒரு வேம்பு. பலகையில் இருந்தது ஊரின் பெயர். நிலையம் இருந்தது எங்கள் பக்கம். ஊர் தண்டவாளத்துக்கு அந்தப் புறம், பஸ் ரோட்டின் மேல். எங்கள் குடியிருப்பு இந்தப் புறம். பஸ்ஸில் ஏற வேண்டும் என்றால் ஊருக்குள் போய் நிற்க வேண்டும், எங்கே நிற்கிறோம், யார் பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்த்து நிற்க வேண்டும். ரயிலில் அந்தப் பிரச்சினை இல்லை. ஏறினால் உட்காரலாம். எந்தத் தெரு என்று கேட்கும் வழக்கம் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதனால்தான் அதை எங்கள் ஸ்டேஷன் என்கிறேன். ஏக்கத்தில் சொல்லவில்லை. அந்த வேம்பின் மேலும் கூரையின் மேலும் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. வண்டி நின்றால் போதும்.

டிக்கெட் விற்க, கமிஷனுக்கு ஓர் ஆள் ஊரில் இருந்து சைக்கிளில் வருவார். வண்டிச் சத்தம் கேட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார். கரி மூட்டையும் ஆட்டுக்குட்டியும் கைப்பிள்ளையுமாக மேடையின் அந்தக் கோடியில் நிற்கும் பெண்கள் ஜன்னலுக்கு ஓடி வருவதற்குள் வண்டி நகர ஆரம்பித்துவிடும். கிடைத்தவர்கள் டிக்கெட்டோடு போனார்கள், கிடைக்காதவர்கள் இல்லாமல் போனார்கள். கிடைத்திருந்தும் வாங்காதவர்களும் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

எப்போதாவது பரிசோதகர்கள் வருவார்கள். வெள்ளைச் சட்டை, கையில் அட்டை, இரண்டு மூன்று பேராக. ஒருமுறை அப்பாவையும் இன்னும் எட்டுப் பத்துப் பேரையும் ஜங்ஷனில் இறக்கிச் சாயங்காலம் வரை தரையில் உட்கார வைத்தார்கள். டிக்கெட் வைத்திருந்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. அவள் கையில் இருந்த சீட்டு வியர்வையில் நனைந்து எழுத்து அழிந்துபோயிருந்தது. அன்றைக்குப் பிறகுதான் அப்பா துண்டு தொங்கவிட ஆரம்பித்தார்.

அப்பாவுக்குக் கரிமூட்டம் போடும் வேலை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி மண் மூடிச் சுடுவது. மூட்டம் இருந்த இடம் தண்டவாளத்தின் ஓரம். மேடையில் யார் வந்து நிற்கிறார்கள் என்பது அங்கிருந்து தெரியும். வெள்ளைச் சட்டைகளைக் கண்டால், தலையில் கட்டியிருக்கும் சிவப்புத் துண்டை அவிழ்த்து, குடியிருப்பில் இருந்து வரும் ஒற்றையடிப் பாதைக்கு நேராக இருந்த மரத்தின் உச்சிக் கிளையில் கட்டுவார். துண்டைப் பார்த்தவர்கள் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படியே மேற்கே திரும்பிக் கண்மாய்க்குள் இறங்கிப் பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவார்கள். அங்கே முறையான கவுண்ட்டர் இருந்தது. நின்று, டிக்கெட் வாங்கி, ஏறுவார்கள்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், ஆனி மாதத்தில், இரண்டு வெள்ளைச் சட்டைகள் வண்டிக்கு வெகு நேரம் முன்பே வந்து வேம்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தன. துண்டு ஏறியது. மறுநாளும் வந்தார்கள். மறுநாளும் துண்டு. "இந்தத் தடவ பெரிய பிடியா இருக்கும் போலருக்கு" என்றார்கள் குடியிருப்பில். ஆறு நாள் அவர்கள் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஆறு நாளும் துண்டு இறங்கவில்லை. ஆறு நாளும் நாங்கள் எல்லோரும் மேற்கே நடந்தோம். பக்கத்து ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி ஏறினோம். வண்டி எங்கள் ஊரில் வந்து நின்றபோது ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டோம். திரும்பும்போதும் இங்கே இறங்காமல் பக்கத்து ஸ்டேஷன் வரை போய் இறங்கி நடந்து வந்தோம். எங்கள் ஸ்டேஷனில், எங்கள் வண்டியில், கையில் டிக்கெட்டோடு ஒளிந்திருந்தோம். வெளியே இரண்டு பேர் தாளில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

என்னிடம் பாஸ் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வாங்கி எடுத்த மாணவர் பாஸ், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டது. குடியிருப்பிலேயே எந்த வெள்ளைச் சட்டைக்கும் பயப்படத் தேவையில்லாத ஒரே ஆள் நான். நானும் திரும்பி நடந்தேன். ஒருநாள் கூட, பாஸ் இருக்கிறதே, மேடைக்குப் போவோம் என்று தோன்றவில்லை. நான் ஏறியிருந்தால் அந்தத் தாளில் 'ஒன்று' என்று இருந்திருக்கும்.

ஏழாம் நாள் அவர்கள் வரவில்லை. அப்பா துண்டை அவிழ்த்தார். ஒரு ஆள் கூட மாட்டவில்லை என்று குடியிருப்பே அவரைக் கொண்டாடியது. யாரோ கறி எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருட முடிவில் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். புதுப் பாதை வந்தபோது பலகை இல்லை, வண்டி நிற்கவில்லை.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனைத் திறக்கக் கேட்டு ரயில்வேக்கு இரண்டு நாளாக ஒரு மனு எழுதினேன். மூன்றாம் நாள், எங்கள் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பார்க்கப் போனேன். லக்ஷ்மிபாய் நகரில் மகனின் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர், நாற்பது வருடம் டில்லி. மனு எழுதுவதில் கைதேர்ந்தவர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நான் எழுதிக்கொண்டு போன வரைவைப் படித்தார். பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அரே, என்னப்பா இது? துண்டு, கரிமூட்டம், ஷட்டரை இறக்கினோம்... இது மனுவா, வாக்குமூலமா?"

"நடந்தது அதுதான் சார்."

"அச்சா, நடந்தது. யார் இல்லேன்னா? ஆனா நீயே போய், நாங்க டிக்கெட் இல்லாம வர்ற கோஷ்டி, செக்கிங்னு நினைச்சு ஓடிட்டோம்னு எழுதிக் குடுப்பியோ? தேக்கோ, ஒரே ஒரு லைன் போடு. அந்த வாரம் கனமழை, ஜனங்களால வெளியே வர முடியலே. முடிஞ்சுது."

"எங்க ஊர்ல ஆனி மாசம் மழையா சார்?"

"டில்லியில உட்கார்ந்துண்டு உங்க ஊர் ஆனி மாசத்தை எவன் பார்க்கப் போறான்?"

"நாங்க பாத்தோம்ல சார்."

அவர் மருமகள் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரொம்பப் பிடிவாதம்ப்பா நீ. காரியம் ஆகணுமா, நீ சொன்னது நிக்கணுமா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. காரியம் ஆகாவிட்டால் நிற்கப்போவது என் தங்கையின் படிப்பு. ஆனாலும் மழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மழை என்று எழுதினால் நாங்கள் பயந்தது இல்லாமல் போய்விடும். டிக்கெட் வைத்திருந்தவளைக்கூடத் தரையில் உட்கார வைத்தது இல்லாமல் போய்விடும். ஒரு குடியிருப்பே தன் சொந்த ஸ்டேஷனில் தலையைக் குனிந்து போனதற்கு வானம் காரணம் என்று நான் ஏன் எழுத வேண்டும்? அவர் நல்ல மனிதர். என் ஆங்கிலத்தில் இருந்த பிழைகளையெல்லாம் திருத்திக் கொடுத்தார். மழையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் துண்டு என்னுடையது இல்லை. அப்பாவைக் கேட்காமல் எழுத முடியாது. போனில் சொன்னேன். அந்த ரெண்டு பேரும் செக்கிங் இல்லை, ஆள் எண்ண வந்தவர்கள் என்று.

"எண்ணவா வந்தாக?"

"ஆமாப்பா."

"ஆறு நாளுமா?"

"ஆறு நாளும்."

"அப்ப நாந்தேன் மூடுனேன்னு சொல்ற."

"அப்படிச் சொல்லலப்பா."

வைத்துவிட்டார். ஒன்பது நாள் என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டபோது, மூட்டத்துக்கும் போகாமல் வீட்டிலேயே படுத்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். ஏன் அவரிடம் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மெட்ரோவில் நின்றுகொண்டே, துண்டு என்று வரும் வரிகளையெல்லாம் மனசுக்குள் அடித்துப் பார்த்தேன். அடித்தால் மிச்சம் எதுவும் நிற்கவில்லை.

பத்தாம் நாள் தங்கை கூப்பிட்டாள்.

"டில்லி ஆபீசரே, ஒரு வேலை பாத்து வச்சிருக்கேன். கேக்குறியா?"

அவள் அந்த வாரம் முழுக்கப் பக்கத்து ஸ்டேஷன் கவுண்ட்டர் ஓரமாக நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் இருந்து நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பெயர், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எதற்காகப் போகிறார்கள், டிக்கெட் எண், கடைசியில் கையெழுத்தோ ரேகையோ. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எண்ணியது போலவே ஆறு நாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"சொல்லிக் குடுக்கணுமாக்கும். அவுக எண்ணலாம், நாம எண்ணக் கூடாதா? மொதநா எல்லாரும் ஓடப் பாத்தாக, நோட்டப் பாத்து. 'ஏ சின்னப்புள்ள, என்ன கேஸா'ன்னு கேட்டாக. ரெண்டாம் நா அப்பாதேன் வந்து பக்கத்துல உக்காந்தாரு."

"அப்பாவா?"

"எந்திரிச்சு வந்துட்டாரு. வர்றவுகள எல்லாம் அவரே கூப்புடுறாரு. 'இங்க வா, இது பிடிக்கிற ஆளு இல்ல, எம்மக. ரேகைய வையி'ன்னு. அன்னைக்கு நடன்னு சொன்னதும் அவரு. இன்னைக்கு நில்லுன்னு சொல்றதும் அவரு."

அப்பா போனை வாங்கினார்.

"ஏய்யா, துண்ட எழுதிக்க. நாந்தேன் கட்டுனேன்னு எம்பேர் போட்டே எழுதிக்க. ஒளிஞ்சு ஒளிஞ்சுதேன் அந்த டேசன் போச்சு. இனியும் ஒளிய ஏலாது."

"நான் பாஸ் வச்சிருந்தும் ஏறலப்பா. அதையும் எழுதுறேன்."

"எழுது. நீயும் என் துண்டத்தான பாத்த."

நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். அச்செடுத்து, அப்பா சொல்ல அவள் எழுதி அனுப்பிய வாக்குமூலத்தையும் ரேகையோடு சேர்த்து, வேண்டுகோள் என்ற தலைப்பின் கீழ் இரண்டே வாக்கியம் எழுதினேன். இன்னொரு முறை எண்ண வாருங்கள். எண்ணத்தான் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஓய்வு பெற்ற சார், "தயவுகூர்ந்து, தாழ்மையுடன் எதுவும் வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். தாழ்மை அந்த ஆறு நாளிலேயே தேவைக்கு மேல் கொடுத்தாகிவிட்டது.

அரை நாள் விடுப்புப் போட்டு ரயில்வே அமைச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தபால் வாங்கும் ஜன்னலில் இருந்தவர் நடு வயதுக்காரர், பொறுமையானவர். சும்மா முத்திரை குத்தித் தள்ளியிருக்கலாம். ஆனால் ரேகைகளைப் பார்த்துவிட்டு நின்று படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"யே தோ அப்னே ஹி கிலாஃப் லிக் தியா, பையா" என்றார். உங்களுக்கு எதிராக நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று.

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: எங்களுக்கு எதிராக இல்லை, அந்த 'இல்லை'க்கு எதிராக.

டிக்கெட் இல்லாமல் போனது பற்றிய பக்கத்தை மட்டும் உருவிவிடச் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி. மேலே போனால் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், மற்றதைப் படிக்கவே மாட்டார்கள் என்றார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. "ஜல்தி கரோ" என்று யாரோ அவசரப்படுத்திக் கத்தினார்கள். ஒரு நொடி அந்தப் பக்கத்தின் மூலையை விரலால் பிடித்துக்கூடப் பார்த்தேன்.

"நஹீ. ஐஸே ஹி லீஜியே." இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் தோளைக் குலுக்கினார். முத்திரை குத்தி, என் நகலில் எண் போட்டுக் கொடுத்தார்.

இதை எழுதும்போது அந்த எண்ணுக்குப் பதில் வரவில்லை. வராமலே போகலாம். அப்படியானால் மறுபடி எழுதுவேன். எனக்கு எழுதத் தெரியும், அதற்குத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள்.

சென்ற வாரம் ஊரில் நல்ல மழை. கண்மாய் பாதி நிறைந்துவிட்டது. வழி அடைபட்டுப்போனது என்று தங்கை சொன்னாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாரு, நாலு மணிக்கே எழுப்பி விட்டுட்டாரு. கரை மேல முன்னால அவரு போறாரு, டார்ச்சு அடிச்சுக்கிட்டு. பின்னால நாங்க ஏழு பேரு."

"ஏழு பேரா?"

"காலேஜுக்கு நான். பத்தாவதுல மூணு. மத்தவுக வேலைக்கு. அப்பா ஸ்டேஷன் வரைக்கும் வந்து எங்கள எண்ணி வண்டியில ஏத்திட்டுத்தான் திரும்புறாரு."

"படிப்ப நிப்பாட்டுற பேச்சு?"

"எடுத்தாரு, நேத்து. அந்தப் பேச்ச இனி யாரும் எடுக்கக் கூடாதுன்னு அம்மாகிட்டச் சொன்னாரு" என்றாள். பின்னால் வண்டியின் ஹாரன் கேட்டது. வீட்டைத் தாண்டுகிறோம், வை போனை, கையாட்ட வேண்டும் என்று துண்டித்துவிட்டாள்.